ஒரு நுண்ணறை மாறினால்

நுழையும்முன்

பள்ளி அலுவலகம் முதல் வங்கி வரை எண்கள் கையாளப்படும் இடங்களில் எல்லாம் இன்று விரிதாள் இருக்கிறது. அதனைத் திறந்து எண்களை உள்ளிடத் தெரிந்தவர் பலர். விரைவாகவும் பிழையின்றியும் கையாள்வோர் சிலரே. அதற்குத் துணைசெய்யும் சில நுட்பங்களை இப்பகுதி விளக்குகிறது.

மேல்நிலை வகுப்பொன்றில் 45 மாணவர்கள் பயில்கின்றனர். ஒவ்வொருவருக்கும் ஆறு பாடங்கள். வகுப்பாசிரியர் மதிப்பெண்களைத் தாளில் எழுதி, கூட்டி, சராசரி கண்டு, தரவரிசையும் இட்டு முடிக்கிறார். மறுநாள் ஒரு மாணவி தன் வேதியியல் விடைத்தாளைக் கொண்டுவந்து, கூட்டலில் பிழை இருப்பதைக் காட்டுகிறாள். 67 என்பது 76 ஆகிறது. மாறியது ஓர் எண்தான். ஆனால், அவளுடைய மொத்தம் மாறுகிறது. வகுப்பின் வேதியியல் சராசரி மாறுகிறது. அவளுக்கு முன்னிருந்த சிலரின் தரவரிசையும் மாறுகிறது. பட்டியலை மீண்டும் முதலிலிருந்து எழுதவேண்டிய நிலை ஏற்படுகிறது.

கரும்பலகையில் பிறந்த கருத்து

இதே தொல்லையை 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த டான் பிரிக்ளின் கண்டார். பேராசிரியர் கரும்பலகையில் ஒரு நிதிக்கணக்கு அட்டவணையை எழுதி விளக்கினார். ஓர் எண்ணில் பிழை தெரிந்தாலும், அதனைச் சார்ந்த எண்கள் அனைத்தையும் அழித்து, மீண்டும் கணக்கிட்டு எழுத வேண்டியிருந்தது. ஓர் எண்ணை மாற்றியதும் மற்றவை தாமே மாறிக்கொள்ளும் பலகை ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று பிரிக்ளின் எண்ணினார். பாப் பிராங்ஸ்டன் என்னும் நண்பருடன் இணைந்து அவர் உருவாக்கிய ‘விசிகால்க்’ என்னும் மென்பொருள், 1979ஆம் ஆண்டில் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. அதில் 63 நெடுவரிசைகளும் 254 கிடைவரிசைகளும் இருந்தன. 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல் எனப் பிற மென்பொருள்கள் தொடர்ந்தன. இன்றைய எக்செல் தாள் ஒன்றில் 16,384 நெடுவரிசைகளும் 10,48,576 கிடைவரிசைகளும் உள்ளன. அளவு பெருகியிருக்கிறதே தவிர, கரும்பலகை முன் தோன்றிய கருத்து அப்படியே இருக்கிறது.

நெடுவரிசையும் கிடைவரிசையும் சந்திக்கும் கட்டத்தை நுண்ணறை என்பர். நெடுவரிசைகளுக்கு எழுத்துகளும் கிடைவரிசைகளுக்கு எண்களும் பெயராக உள்ளன. மூன்றாம் நெடுவரிசையும் இரண்டாம் கிடைவரிசையும் சந்திக்கும் நுண்ணறையின் முகவரி சி2. நம் மதிப்பெண் பட்டியலில் முதல் கிடைவரிசை தலைப்புகளுக்கு உரியது. 2 முதல் 46 வரை மாணவர்கள். ஏ நெடுவரிசையில் பதிவெண், பி-யில் பெயர், சி முதல் எச் வரை ஆறு பாடங்கள், ஐ-யில் மொத்தம்.

ஐ2 நுண்ணறையில் ஒருவர் 471 என்று மொத்தத்தைத் தட்டச்சு செய்கிறார்; மற்றொருவர் =சம்(சி2:எச்2) என்னும் வாய்பாட்டை உள்ளிடுகிறார். (கணினியில் இவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்தல் வேண்டும்.) திரையில் இரண்டும் 471 என்றே தெரியும். முதலாமவர் தாமே கணக்கிட்டு விடையை எழுதிவைத்தார். இரண்டாமவர், இந்த ஆறு நுண்ணறைகளின் கூட்டல் இங்கே வரவேண்டும் என்னும் உறவை எழுதிவைத்தார். வேதியியல் மதிப்பெண் 67இலிருந்து 76 ஆனால் முதலாமவரின் தாளில் 471 அப்படியே நிற்கும். இரண்டாமவரின் தாளில் 480 ஆகும். விரிதாளைக் கணிப்பொறியுடன் சேர்த்து வைத்துக்கொண்டு, கணிப்பொறியில் கூட்டிய விடையைத் தாளில் உள்ளிடும் வழக்கம் இன்றும் அலுவலகங்களில் காணப்படுகிறது. அவ்வாறு செய்வோருக்கு விரிதாள் என்பது கோடு போட்ட வெள்ளைத்தாள் மட்டுமே.

நகரும் முகவரி, நகரா முகவரி

ஐ2இல் எழுதிய வாய்பாட்டை மற்ற 44 மாணவர்களுக்கும் தனித்தனியே எழுத வேண்டியதில்லை. நுண்ணறையின் கீழ்வல மூலையில் தோன்றும் சிறு சதுரத்தை இருமுறை சொடுக்கினால் போதும். அருகிலுள்ள நெடுவரிசையில் தரவு முடியும் இடம்வரை வாய்பாடு நிரம்பிவிடும். ஐ3இல் அது =சம்(சி3:எச்3) என்றும், ஐ4இல் =சம்(சி4:எச்4) என்றும் தானே மாறியிருக்கும். முகவரியை இடத்தின் பெயராகக் கொள்ளாமல், ‘எனக்கு இடப்புறம் உள்ள ஆறு நுண்ணறைகள்’ என்று விரிதாள் பொருள்கொள்வதே இதற்குக் காரணம். இதனைச் சார்பு முகவரி என்பர்.

இந்த வசதியே சில இடங்களில் நம்மை ஏமாற்றிவிடும். தரவரிசையைக் காண ஜே2இல் =ரேங்க்(ஐ2,ஐ2:ஐ46) என்று எழுதிக் கீழே நிரப்புவதாகக் கொள்வோம். ஜே2இல் விடை சரியாகவே இருக்கும். ஜே3இல் ஒப்பிடும் பரப்பு ஐ3:ஐ47 என நகர்ந்துவிடும். முதல் மாணவர் ஒப்பீட்டிலிருந்து விலகிவிடுவார். இவ்வாறு ஒவ்வொரு படியிலும் மேலிருந்து ஒருவர் குறைந்துகொண்டே வருவார். இறுதியில் 46ஆம் கிடைவரிசையில் உள்ள மாணவர், ஒப்பிட யாருமின்றித் தாமே முதலிடம் பெறுவார். அவர் எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெறாதவராகவும் இருக்கலாம்! திரையில் எந்த எச்சரிக்கையும் தோன்றாது.

இதனைத் தவிர்க்க, நகரக்கூடாத முகவரியைப் பூட்டுதல் வேண்டும். பூட்டுவதற்கான குறி $. வாய்பாட்டில் முகவரியின்மீது சுட்டியை வைத்து எஃப்4 விசையை அழுத்தினால் ஐ2 என்பது $ஐ$2 ஆகும். =ரேங்க்(ஐ2,$ஐ$2:$ஐ$46) என எழுதினால் மாணவர் மாறுவார்; ஒப்பிடும் பரப்பு மாறாது. முதல் விசிகால்க்கிலேயே, வாய்பாட்டைப் படியெடுக்கும்போது ஒவ்வொரு முகவரிக்கும் ‘நகர வேண்டுமா, மாறாதிருக்க வேண்டுமா’ என்று மென்பொருள் கேட்கும். இன்றைய மென்பொருள்கள் கேட்பதில்லை. கேள்வியை நாமே எழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எஃப்4 விசையை மேலும் அழுத்தினால் முகவரியின் ஒரு பாதி மட்டும் பூட்டப்படும். முதல் கிடைவரிசையிலும் முதல் நெடுவரிசையிலும் 1 முதல் 16 வரை எண்களை இட்டு, பி2இல் =$ஏ2*பி$1 என எழுதி நிரப்பிப் பாருங்கள். இளமையில் நாம் மனப்பாடம் செய்த பதினாறாம் வாய்பாடுவரை 256 விடைகளும் ஒரே வரியிலிருந்து விரியும்.

விரல்களின் பயிற்சி

சுட்டியை நோக்கிக் கை செல்லும் ஒவ்வொரு முறையும் கவனம் சற்றுச் சிதறுகிறது. ஆகவே, அடிக்கடி செய்யும் செயல்களுக்குக் குறுக்குவிசைகளைப் பழகுதல் நலம். நூற்றுக்கணக்கில் உள்ள அவற்றை மனப்பாடம் செய்ய முயல்வது வீண்வேலை. நாள்தோறும் பயன்படும் ஏழெட்டு விசைகள் போதும்.

கன்ட்ரோல் விசையுடன் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் தரவின் கடைசி வரிசைக்குத் தாவலாம். ஷிஃப்ட் விசையையும் சேர்த்தால் வழியிலுள்ள அனைத்தும் தெரிவுசெய்யப்படும். இந்தத் தாவல் ஒரு சோதனையாகவும் அமைகிறது. 46ஆம் வரிசைக்குச் செல்லவேண்டிய சுட்டி 18இல் நின்றுவிட்டால், அதற்கடுத்த நுண்ணறையில் மதிப்பெண் விடுபட்டிருக்கிறது என்று பொருள். ஆல்ட் விசையுடன் சமக்குறி, கூட்டல் வாய்பாட்டைத் தானே எழுதித்தரும். கன்ட்ரோல் விசையுடன் அரைப்புள்ளி, அன்றைய தேதியை இடும். எஃப்2, நுண்ணறையைத் திறந்து வாய்பாடு சுட்டும் பரப்பினை வண்ணக் கோடுகளால் காட்டும். எண் 1க்கு இடப்புறம் உள்ள விசையைக் கன்ட்ரோலுடன் அழுத்தினால் விடைகள் மறைந்து, தாள் முழுவதும் வாய்பாடுகள் தோன்றும். வாய்பாடு இருக்கவேண்டிய இடத்தில் யாரேனும் எண்ணைத் தட்டச்சு செய்திருந்தால் அப்போது உடனே தெரிந்துவிடும். மறுபடி அழுத்தினால் தாள் பழைய நிலைக்குத் திரும்பும். இவற்றுள் ஒன்றை மட்டும் கற்க நேரமிருந்தால் இக்கடைசி விசையையே கற்கலாம்.

தெரியுமா?

மனித மரபணுக்களுள் சிலவற்றின் குறியீட்டுப் பெயர்கள் ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என அமைந்திருந்தன. ஆய்வாளர்கள் அவற்றை விரிதாளில் உள்ளிட்டபோது மென்பொருள் அவற்றைத் தேதிகளாக மாற்றிவிட்டது. இச்சிக்கல் தொடர்ந்ததால், மரபணுக்களுக்குப் பெயர்சூட்டும் பன்னாட்டுக் குழு அப்பெயர்களையே மாற்றியமைத்தது. புதிய நெறிமுறைகள் 2020இல் வெளியாயின. சுழியத்தில் தொடங்கும் பதிவெண்களும் இவ்வாறே முதல் சுழியத்தை இழந்துவிடும். உள்ளிடுவதற்கு முன்னரே அந்த நெடுவரிசையின் வடிவத்தை ‘உரை’ என மாற்றிவிடுதல் இதற்குத் தீர்வாகும்.

விடுபட்ட ஐந்து வரிசைகள்

2010ஆம் ஆண்டில் பொருளியல் அறிஞர்களான கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். அரசின் கடன், உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளில் பொருளாதார வளர்ச்சி பெரிதும் குன்றுகிறது என்பது அதன் முடிவு. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய தரவுகளின்படி அந்நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 விழுக்காடு என்று அது கூறியது. அரசுகள் செலவைக் குறைக்கவேண்டும் என வாதிட்டோர் பல நாடுகளில் இக்கட்டுரையைச் சான்றாகக் காட்டினர்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அக்கணக்கை மீண்டும் செய்து பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. கட்டுரையாசிரியர்களிடம் கேட்டு அவர்களுடைய விரிதாளையே பெற்றார். சராசரி காணும் வாய்பாட்டில் 30 முதல் 49 வரை இருக்கவேண்டிய பரப்பு, 30 முதல் 44 வரை என்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்களான மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோரும் 2013இல் வெளியிட்ட மறுகணக்கீட்டில் சராசரி 2.2 விழுக்காடு என வந்தது. இவ்வேறுபாடு முழுவதற்கும் அந்த ஐந்து வரிசைகளே காரணம் அல்ல. சில ஆண்டுகளின் தரவுகள் சேர்க்கப்படாமையும், நாடுகளுக்கு எடை கொடுத்த முறையுமே பெரும்பங்கு வகித்தன. அவற்றைப் பற்றி அறிஞர்களிடையே வாதம் நீண்டது. வாய்பாட்டுப் பிழையை மட்டும் கட்டுரையாசிரியர்கள் உடனே ஒப்புக்கொண்டனர்.

அந்த விரிதாளில் எஃப்2 விசையை ஒருமுறை அழுத்தியிருந்தால், வண்ணக்கோடு 44ஆம் வரிசையோடு நின்றுவிடுவது கண்ணில் பட்டிருக்கும்.

எண்ணிப் பார்த்தல்

மீண்டும் நம் மதிப்பெண் பட்டியலுக்கு வருவோம். வாய்பாடுகள் சரி, பரப்புகள் சரி, $ குறிகளும் இடப்பட்டுள்ளன. பட்டியலை ஒப்படைப்பதற்கு முன் ஆசிரியர் செய்யவேண்டிய சிறு வேலை ஒன்று உள்ளது. ஒவ்வொரு பாடத்தின் கீழும் =கவுண்ட்(சி2:சி46) என எழுதி வலப்புறம் நிரப்புகிறார். எண்கள் உள்ள நுண்ணறைகளை மட்டும் எண்ணும் செயற்கூறு இது. ஐந்து பாடங்களில் 45 என வருகிறது. கணிதத்தில் மட்டும் 44.

வரிசையில் வெற்றிடம் ஏதும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, எல்லா எண்களும் நுண்ணறையின் வலப்புறம் ஒட்டி நிற்க, 31ஆம் வரிசையில் உள்ள 80 மட்டும் இடப்புறம் ஒட்டி நிற்பது தெரிகிறது. தட்டச்சு செய்தவர் சுழியத்திற்குப் பதிலாக ஓ என ஒலிக்கும் ஆங்கில எழுத்தை அழுத்தியிருக்கிறார். கண்ணுக்கு அது எண். கணினிக்கு அது சொல். கூட்டல் செயற்கூறு சொற்களைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். ஆகவே, அம்மாணவனின் மொத்தத்தில் 80 மதிப்பெண் குறைந்து, தரவரிசையில் அவன் கடைசிப் பத்துப் பேருள் ஒருவனாக நின்றிருந்தான். ஆசிரியர் அந்த எழுத்தை நீக்கிச் சுழியத்தை இட்டதும், 44 என்பது 45 ஆகிறது. மொத்தமும் சராசரியும் தரவரிசையும் அந்நொடியிலேயே மாறுகின்றன.