வெக்கை இறங்குவது கூரை வழியாக!

நாமக்கல் பக்கம் கத்திரி வெயில் நாளில், மதியம் இரண்டு மணிக்குப் பழைய முட்டைக்கோழிப் பண்ணை எதற்குள்ளாவது போய்ப் பாருங்கள். கொக்கரிப்பே கேட்காது. வாயைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, தொண்டை படபடக்க நிற்கும் கோழிகள். அவற்றுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது; மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்தாக வேண்டும். இளைக்க இளைக்க ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும். முட்டை ஓடு இறுகுவதற்கு அதுவும் வேண்டும் என்பதால் ஓடு மெலிந்துபோகிறது. தீவனமும் இறங்குவதில்லை.

உடனே தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும் ஃபாகர் வாங்க ஓடுகிறார்கள். என் கணக்கில் அது இரண்டாவது வேலை. வெக்கை இறங்குவது தலைக்கு மேலிருக்கும் சிமென்ட் ஷீட்டிலிருந்து. அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே தண்ணீர் தெளித்தால், காற்றோட்டமில்லாத கொட்டகையில் புழுக்கம்தான் கூடும். ஈரக்காற்றில் மூச்சு வாங்கியும் கோழிக்குச் சூடு தணியாது.

கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான் குறைந்த செலவு. மாசியிலேயே முடித்துவிடுவது நல்லது. பாசியும் தூசியும் போனால்தான் சுண்ணாம்பு ஒட்டும். ஆனால் பழைய ஆஸ்பெஸ்டாஸைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன். நன்றாக நனைத்து, துடைப்பத்தால் மெல்லத் தள்ளினால் போதும். ஷீட்டின் மேல் நேராகக் கால் வைப்பதும் ஆபத்து. சட்டத்துக்குச் சட்டம் பலகை போட்டு அதில்தான் நடக்க வேண்டும்.

அதற்கும் மேலே தென்னங்கீற்றோ கரும்புச் சோகையோ பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் கட்டி, ஸ்பிரிங்க்லரில் நனைத்தால் வித்தியாசம் உள்ளே நுழைந்ததுமே தெரியும். சட்டம் பாரம் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த கீற்றுக்கு ஒரு பொறி போதும் என்பதால் வயரிங்கையும் சரிபார்க்க வேண்டும்.

சிலர் உட்புறம் தெர்மாகோல் ஒட்டுகிறார்கள். அலகுக்கு எட்டினால் கோழி அதைக் கொத்தித் தின்றே தீர்த்துவிடும்; எலிக்கோ அதுவே வீடு. ஒட்டினால் மேலே தகடு போட்டு மூடுங்கள்.

கிழக்கு மேற்காக நீளாமல், வடக்கு தெற்காக நிற்கும் பழைய கொட்டகைகளில் சாயங்கால வெயில் நேராகக் கூண்டுக்குள் பாயும். கட்டடத்தைத் திருப்ப முடியாது. மேற்கு இறவாணத்தை மூன்றடி நீட்டி, நிழல்வலை கட்டலாம்.

இதெல்லாம் வெயிலுக்கு. மார்கழிக் குளிரில் குஞ்சு வளர்ப்பவர்களோ, நாலு பக்கமும் படுதாவை இழுத்து மூடிவிடுகிறார்கள். அப்படி மூடாமல், படுதாவைக் கீழிருந்து மேலே ஏற்றிக் கட்டி, உச்சியில் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். விடியற்காலையில் உள்ளே போனதும் உங்கள் கண் எரிந்தால், இரவெல்லாம் குஞ்சுகள் அமோனியாவைத்தான் சுவாசித்திருக்கின்றன.