இழுத்துக் கட்டிய சிவப்பணு: மலேரியா ஏன் உள்ளே நுழையத் திணறுகிறது?

தொப்பூர் கணவாயில் சரக்கு லாரிக்குப் பின்னால் போயிருந்தால் பார்த்திருப்பீங்க. தளர்வாகக் கட்டிய தார்ப்பாய் பெரிசு பெரிசாக உப்பி அடிக்கும். கயிற்றை இழுத்துக் கட்டினால் அந்த உப்பல் அடங்கிவிடும். சின்னச் சின்னப் படபடப்பு மட்டும் மிஞ்சும். நம்ம ரத்தச் சிவப்பணுவின் மேல்சவ்விலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது.

சிவப்பணு சுமார் 8 மைக்ரோமீட்டர் அகலம். அதன் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. அடியில் மெல்லிய புரத வலை. தார்ப்பாய் போல நெய்த துணி அல்ல, கொழுப்பு மூலக்கூறுகள் வழுக்கிக்கொண்டு இடம் மாறும். அதனால்தான் 'திரவச் சவ்வு' என்கிறார்கள். இங்கே காற்றுக்குப் பதில் வெப்பம். உடம்புச் சூட்டில் துள்ளும் நீர் மூலக்கூறுகள் இருபுறமும் மோத, சவ்வு ஓயாமல் நடுங்குகிறது. மைக்ரோஸ்கோப்பிலேயே இது தெரியும். வெப்பத்தை வைத்து இந்த நடுக்கத்தை 1975-இல் கணக்கிட்டுக் காட்டியவர்கள் புரோஷார், லெனான். (அணு செலவழிக்கும் ஆற்றலுக்கும் இதில் பங்கு உண்டு, எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே தகராறு ஓயவில்லை.)

நடுக்கத்தைத் தடுப்பவை இரண்டு: வளைய மறுக்கும் விறைப்பு, இழுவிசை. குட்டி அலை உண்டாக சவ்வு கூர்மையாக வளைய வேண்டும். அங்கே விறைப்பின் ராஜ்ஜியம். அகலமான அலைக்கு அவ்வளவு வளைவு தேவையில்லை, அதை அடக்குவது இழுவிசைதான். ஆக, அணுவின் விளிம்பை வீடியோ எடுத்து, பெரிய அலைகளையும் சிறிய அலைகளையும் தனித்தனியாக அளந்தால், தொடாமலேயே இழுவிசையைச் சொல்லிவிடலாம்.

சரி, சொல்லி என்ன லாபம்? கென்யாவின் கிலிஃபி பகுதியில் 'டான்டு' என்ற அரிய ரத்த வகை இருக்கிறது. அது உள்ள குழந்தைகளுக்குக் கடுமையான மலேரியா வருவது குறைவு. காரணம் 2020-இல் 'நேச்சர்' இதழில் வந்தது: அவர்களின் சிவப்பணுச் சவ்வில் இழுவிசை அதிகம். ஓர் அளவைத் தாண்டினால் மலேரியாக் கிருமி முட்டி மோதினாலும் உள்ளே போக முடிவதில்லை. சாதாரண ரத்தத்திலும் அணுவுக்கு அணு இழுவிசை வேறுபடும். தளர்ந்தவைதான் எளிதில் மாட்டிக்கொள்கின்றன.

தருமபுரி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மலேரியா சந்தேகம் வந்தால், விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். அதில் கிருமி தெரியும், இழுவிசை தெரியாது. காய்ந்துபோன அணு நடுங்காதே!

இழுவிசையைக் கொஞ்சம் கூட்டும் மருந்து சாத்தியமா என்ற யோசனையும் இருக்கிறது. ஆனால் சிவப்பணு தன் அகலத்தைவிடக் குறுகிய ரத்தக் குழாய்களில் மடங்கி நுழைந்தாக வேண்டும். ரொம்ப விறைத்துப்போனால் மண்ணீரலே அதை வடிகட்டி அழித்துவிடும்.