வீட்டில் முதல் பட்டதாரி யார்?

ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானதும் என் வீட்டுத் திண்ணையில் கூட்டம் சேர்ந்துவிடும். கல்லூரி ஆசிரியர் என்றால் எல்லா விண்ணப்பங்களையும் நிரப்பத் தெரிந்தவர் என்பது எங்கள் ஊராரின் எண்ணம். வரலாறு சொல்லிக்கொடுப்பவனுக்குப் பொறியியல் கலந்தாய்வைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவர்கள் கேட்காததால் நானும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படிக் கற்றவற்றுள் ஒன்று முதல் பட்டதாரிச் சான்றிதழ். நம் மாணவ மாணவியரின் தம்பி தங்கையர் பலருக்கு இது தேவைப்படுவதால் இங்கே எழுதுகிறேன்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவர், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தில் சலுகை பெறலாம். தமிழக அரசு இத்திட்டத்தை 2010-11ஆம் கல்வியாண்டில் கொண்டுவந்தது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்கு இது கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்பதால், அவர்கள் இதற்காக அலைய வேண்டியதில்லை. அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கே இது பெரிதும் பயன்படுகிறது.

இங்கே 'குடும்பம்' என்றால் யார்? சிக்கலெல்லாம் இந்த ஒரு சொல்லில்தான். மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கையொப்பமிடும் உறுதிமொழிப் படிவத்தில் தந்தைவழித் தாத்தா பாட்டி, தாய்வழித் தாத்தா பாட்டி, தந்தை, தாய், உடன்பிறந்தோர் ஆகியோரின் படிப்பைக் குறிக்க வேண்டும். இவர்களில் ஒருவர் பட்டம் பெற்றிருந்தாலும் சான்றிதழ் இல்லை. அஞ்சல் வழியில் பெற்ற பட்டமும் பட்டமே. பாலிடெக்னிக் டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் பட்டமாகா.

படித்தும் தேறாதவர்கள்? ஒரு தந்தை வந்திருந்தார். மூன்றாண்டு கல்லூரியில் படித்தவர். இரண்டு தாள்கள் நின்றுபோயின. பிறகு எழுதவே இல்லை. சட்டப்படி அவர் பட்டதாரி அல்லர். மகனுக்குச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் அவருடைய திருமணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் 'பி.ஏ.' என்று அச்சிட்டிருந்தார்கள்! இருபது ஆண்டுகளாக ஊரே அவரை பி.ஏ. என்று நம்பியிருந்தது. இப்போது படிவத்தில் 'பிளஸ் டூ' என்று எழுதி, அதைக் கிராம நிர்வாக அலுவலர் படிக்க வேண்டும். நெடுநேரம் பேனாவைக் கையில் வைத்திருந்தார். கடைசியில் மகனை வெளியே போகச் சொல்லிவிட்டு எழுதினார்.

இன்னொருத்தி நம் கல்லூரியில் வணிகவியல் படித்து முடித்த பெண். அவளுடைய தங்கைக்குக் கலந்தாய்வில் பொறியியல் இடம் கிடைத்தது. உடன்பிறந்தோர் என்ற இடத்தில் 'பி.காம்.' என்று எழுத வேண்டியிருந்தது, சலுகை போயிற்று. அக்காள் படித்தது கலைக் கல்லூரி ஆதலால் தொழிற்கல்விச் சலுகையை அவளும் பெற்றதில்லை. ஆக, அந்த வீட்டில் இருவருக்குமே கிடைக்கவில்லை. "நான் படிச்சது தப்பா சார்?" என்று கேட்டாள். விதி என்ன சொல்கிறது என்பதை விளக்கினேன். அது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அன்று.

அமெரிக்காவிலும் முதல் தலைமுறை மாணவர் என்றொரு பிரிவு உண்டு. 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின்கீழ் நடக்கும் உதவித் திட்டங்களில், தாய் தந்தை இருவரும் நான்காண்டுப் பட்டம் பெறாதிருந்தால் பிள்ளை முதல் தலைமுறையினர். ஒரே பெற்றோரிடம் வளர்ந்தவராயின் அந்த ஒருவரின் படிப்பை மட்டும் பார்ப்பார்கள். அண்ணனோ அக்காளோ பட்டம் பெற்றிருப்பது தடையாகாது. தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் வேறு வரையறைகளும் வைத்துக்கொள்கின்றன. அங்கே தலைமுறையை எண்ணுகிறார்கள். இங்கே வீட்டில் முதல் ஆளை எண்ணுகிறோம். அந்தக் கணக்கில் நம் வணிகவியல் பெண்ணின் தங்கை தேறியிருப்பாள். உடன்பிறந்தோரைப் பொறுத்தவரை அந்த முறையே நியாயம் என்பது என் கருத்து. மூன்று ஆண்டுக்கு முன் படித்து முடித்த அக்காளால் தங்கையின் கட்டணத்தைக் கட்டிவிட முடியுமா?

இனி என் வீட்டுக் கதை. 1989இல் நான் பி.ஏ. சேர்ந்தபோது எனக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்று லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைச் சேர்க்க அவர்தான் அரை நாள் விடுப்புப் போட்டு வந்தார். விண்ணப்பத்தில் மேஜர், அலைடு என்றிருந்தது. "அலைடுன்னா என்னடா?" என்றார். எனக்கும் தெரியவில்லை. கேட்க வீட்டில் ஆளில்லை. அந்நாளில் முதல் பட்டதாரி என்று யாரும் எங்களுக்குச் சான்று தரவில்லை. பட்டறைச் சம்பளத்திலிருந்துதான் கட்டணம் வந்தது.

இரண்டாண்டுக்கு முன் அண்ணன் மகள் பொறியியலுக்கு விண்ணப்பித்தாள். உதவி பெறும் பள்ளியில் படித்தவள். எங்களுக்குத் தனித்தனிக் குடும்ப அட்டை. ஆனால் அடுப்பு ஒன்றுதான். உறுதிமொழிப் படிவத்தை நீட்டினேன். அண்ணன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"வீட்ல நீ புரொபசரா உட்கார்ந்திருக்க. யாரும் பட்டம் வாங்கலைன்னு நான் எப்படிடா எழுதிக் கொடுப்பேன்?"

சித்தப்பாவுக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை என்று காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"அப்ப நீ எங்க குடும்பம் இல்லையா?"

சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. அவர் மகளுக்கு எந்தப் பாடத்தை எடுப்பது, எந்தக் கல்லூரியை முதலில் குறிப்பது என்று கேட்க வீட்டிலேயே ஆள் இருந்தேன். நான் பட்ட தடுமாற்றம் அவளுக்கு இல்லை. ஆனால் கட்டணம் கட்ட வேண்டியவர் அவள் தந்தை. அவர் கைக்கு வருவது இன்றும் பட்டறை வருமானமே. அதைச் சொன்ன பிறகுதான் கையொப்பமிட்டார்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிவாயிற்று. அங்கிருந்து அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோர் வழியாக மண்டலத் துணை வட்டாட்சியரிடம் செல்லும். என்னை நன்கறிந்த கிராம நிர்வாக அலுவலரும் ஒரு கணம் தயங்கி, "சார், உங்க வீடுதானே?" என்றார். அவருக்கும் ஒருமுறை சொன்னேன். கலந்தாய்வு நெருங்கும் நாட்களில் இக்கேள்விகளுக்கெல்லாம் நேரம் இருக்காது. ஆதலால் குடும்ப அட்டை, பெற்றோர், உடன்பிறந்தோரின் மாற்றுச் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்கு முன்பே தேடி எடுத்து வைத்துவிடுங்கள். பழைய மாற்றுச் சான்றிதழ் தொலைந்துபோயிருந்தால் அதற்கே பல நாள் ஆகும்.

எங்களுக்குச் சான்றிதழ் ஒன்பதாம் நாள் வந்தது. அண்ணன் மூன்று நகல் எடுத்து வந்தார். இரண்டை மகளின் கோப்பில் வைத்துவிட்டு, ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"நீயும் ஒண்ணு வச்சுக்க."