கரையேறியவர்களின் காயம்



1999 ஜூலை 23-ஐ நெல்லையில் மூத்தவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. கூலி உயர்வு கேட்டுப் போராடிச் சிறையில் இருந்த மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரி, ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தின் மீது காவல்துறை தடியடி நடத்தியது. தப்பிக்க வழியின்றிப் பலர் தாமிரபரணியில் இறங்கினர். 17 பேர் மாண்டனர். அவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவி இறந்தவர்களை நினைக்கிறார்கள். கரையேறியவர்களை யார் நினைக்கிறார்கள்?

கொடிய நிகழ்வு ஒன்று நடந்தால், உடல் அதை ஆபத்து மணி போல அடித்துக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் அலறல், காக்கி உடையைக் கண்டால் நடுக்கம், அந்த வழியாகப் போகவே மறுத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். ஆனால் தப்பிக்க முடியாத துன்பம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் காயம் வேறு விதமாகிறது. சிறுவயது முதல் அடிபட்ட பிள்ளை, குடிகாரக் கணவனோடு வாழும் பெண், போரிலிருந்து தப்பி வந்து முகாமிலேயே முதுமை அடைந்தவர் என்று பலர் இப்படி இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் இதைத் தனி நோயாகவே சேர்த்துள்ளது. மேலே சொன்னவற்றோடு இன்னும் மூன்று சேர்ந்திருக்கும்: உணர்ச்சிகளை அடக்க இயலாமை, 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற தீராத எண்ணம், யாரோடும் நெருங்க முடியாமை.

நம் பங்குகளில் இவர்களுக்கு வேறு பெயர்கள். சிடுமூஞ்சி, திமிர் பிடித்தவர், பூசைக்கு வந்தாலும் கதவோரமே நிற்பவர். கதவோரம் நிற்பவர் வெளியேறும் வழியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

இவர்களிடம் "மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று முதலிலேயே சொல்வது சரியல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதிய நூலில் குணமடைதலை மூன்று கட்டங்களாக விளக்கினார். முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததைச் சொல்லி அழுதல், அதன் பிறகு மனிதரோடு மீண்டும் இணைதல். வீட்டில் இன்றும் அடிவாங்கும் பெண்ணிடம் சிலுவையைச் சுமக்கச் சொல்வது முதல் கட்டத்தையே தட்டிப் பறிப்பதாகும். அவருக்கு முதலில் தேவை பத்திரமான ஓர் இடம், 181 என்ற மகளிர் உதவி எண்.

அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சாக விரும்பிப் படுத்த எலியாவுக்கு வானதூதர் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்தார், தூங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் சொன்னார். ஆண்டவர் பேசியது நாற்பது நாள் கழித்துத்தான்.

செபத்திற்கும் இதில் இடம் உண்டு. யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், உடலை அமைதிப்படுத்த அவரவர் சமயத்தின் திரும்பத் திரும்பச் சொல்லும் செபங்களையே பயன்படுத்தினார். கத்தோலிக்கருக்கு அது செபமாலை. ஆனால் மருத்துவத்தை விட்டுவிட்டுச் செபமாலை மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இது ஒரு சீட்டில் தீரும் காரியமல்ல, மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கும். தனியாகப் போகிறவர் பாதியில் நின்றுவிடுவார். கூடவே பஸ்ஸில் போய்வர ஒருவரை அன்பியக் கூட்டத்தில் பேசி ஏற்பாடு செய்யலாம். அவர் வாயைத் திறக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது.