மணிக்கட்டின் கடைமடை

பைக்கின் சக்கரம் மணலில் சறுக்குகிறது. விழும் கணத்தில் யோசிக்க நேரமில்லை; கை தானாக முன்னே நீண்டு தரையில் ஊன்றிக்கொள்கிறது. உடலின் எடையெல்லாம் பின்னோக்கி மடங்கிய உள்ளங்கையில் இறங்குகிறது. அப்படி விழுந்த இளைஞர்களில் பலர் “லேசான சுளுக்குதான்” என்று தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீக்கம் பெரிதாக இல்லை, கை கோணவில்லை, விரல்கள் அசைகின்றன. ஆனால் உள்ளே ஸ்கேஃபாய்டு என்ற சிறிய எலும்பு இரண்டாக முறிந்திருக்கலாம்.

ஒரே மாதிரி விழுந்தாலும் உடையும் எலும்பு வயதுக்கேற்ப மாறும். எலும்பின் அடர்த்தி குறைந்துவிட்ட முதியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முன்கையின் ரேடியஸ் எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறியும். டப்ளின் நகரின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் விவரித்த முறிவு அது. கை வளைந்து நிற்பதால் பார்த்தவுடன் தெரிந்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். இளைஞருக்கு ரேடியஸ் உறுதியாக இருப்பதால் அது தாக்குப்பிடிக்கிறது. அதற்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்கேஃபாய்டு முறிகிறது.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. பெருவிரல் பக்கம் கிடக்கும் ஸ்கேஃபாய்டு இரண்டு வரிசைகளையும் பிணைக்கிறது. கை பின்னால் மடங்கும்போது அதன் நடுப்பகுதி நெரிபடுவது அதனால்தான். மணிக்கட்டுச் சிற்றெலும்பு முறிவுகளில் பத்தில் ஆறேழு இந்த ஒன்றில்தான் நேர்கின்றன.

முறிவதைவிடப் பெரிய தொல்லை, கூடாமல் போவது. ஸ்கேஃபாய்டு ஐந்து எலும்புகளோடு மூட்டுச் சேர்ந்து அசைகிறது. ஆகவே அதன் மேற்பரப்பில் பெரும்பகுதியைக் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. ரத்தக்குழாய் நுழைய இடம் மிகக் குறைவு. 1980இல் அமெரிக்க மருத்துவர்கள் கெல்பர்மனும் மேனனும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். எலும்புக்கு வேண்டிய ரத்தத்தில் 70 முதல் 80 சதவீதம் அதன் முதுகுப்புற மேட்டின் வழியாக உள்ளே புகுந்து, பிறகு முன்கையை நோக்கித் திரும்பிப் பாய்கிறது. காவிரிப் படுகைக்காரர்களுக்குக் கடைமடை என்றால் விளக்க வேண்டியதில்லை: பாசன நீர் கடைசியாக வந்துசேரும் இடம். முன்கையை ஒட்டிய முனைதான் இந்த எலும்பின் கடைமடை. நடுவில் முறிவு விழுந்தால் அந்த முனைக்கு வரத்து நின்றுபோகலாம். முறிவு அந்த முனைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்தத் துண்டு ரத்தமின்றிச் செத்துப்போகும் ஆபத்து கூடும்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. பெருவிரலை விறைப்பாக வெளிப்பக்கம் விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டோரம், இரண்டு நரம்புகள்போலத் தசைநாண்கள் புடைக்கும். நடுவே சிறு பள்ளம் விழும். பொடி போடுகிறவர்கள் ஒரு சிட்டிகையை வைத்து உறிஞ்சும் இடம் அது. அதன் தரையில்தான் ஸ்கேஃபாய்டு இருக்கிறது. விழுந்த பிறகு அங்கே அழுத்தி வலித்தால், சுளுக்கு என்று நாமாக முடிவுகட்டக் கூடாது.

எக்ஸ்ரே எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை என்று சிலர் நிம்மதியாகத் திரும்புகிறார்கள். என்னைக் கவலைப்பட வைப்பது இந்த நிம்மதிதான். முறிவுக்கோடு மெல்லியதாக இருந்தால் முதல் நாள் படத்தில் தப்பிவிடுவது சாதாரணம். அதனால் கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து, இந்த எலும்புக்கென்றே தனிக் கோணத்தில் படம் எடுப்பார்கள். அதிலும் தெரியாமல் பள்ளத்தில் வலி இருந்தால், கையை அசையாமல் கட்டிவைத்து 10 முதல் 14 நாளில் மறுபடி பார்ப்பது வழக்கம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் முன்பே தெரிந்துவிடும்.

இப்படிக் காத்திருக்கும் நாட்களில் எண்ணெய் போட்டு உருவுவதும் சுளுக்கு எடுப்பதும் வேண்டவே வேண்டாம். உருவுகிறவரின் கைப்பக்குவத்தை நான் குறை சொல்லவில்லை. ரத்தம் குறைவாகக் கிடைக்கும் எலும்பு கூட வேண்டுமானால் துண்டுகள் அசையாமல் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு உருவலும் அவற்றை நகர்த்துகிறது.

துண்டுகள் விலகாத முறிவென்றால் மாவுக்கட்டு போதும், ஆனால் 8 முதல் 12 வாரம். விலகியிருந்தால் திருகாணி தேவைப்படும். சிட்னியின் அறுவை மருத்துவர் டிமோதி ஹெர்பர்ட், ஃபிஷர் என்பவருடன் சேர்ந்து 1984இல் வெளியிட்ட திருகாணி இங்கே பெரிய மாற்றம் கொண்டுவந்தது. அதற்குத் தலை கிடையாது. குருத்தெலும்புக்கு அடியில் முழுதும் புதைந்துவிடும். இரண்டு முனையிலும் மரை உண்டு, மரையின் இடைவெளி மட்டும் வேறு வேறு. ஆகவே திருகத் திருக இரு துண்டுகளும் ஒன்றையொன்று நெருங்கி இறுகும்.

மாதக்கணக்கில் கவனியாமல் விட்ட முறிவென்றால் இதுவும் போதாது. இடுப்பிலிருந்தோ ரேடியஸிலிருந்தோ எலும்பு எடுத்து, சில சமயம் ரத்தக்குழாயோடு சேர்த்து, ஒட்டுப்போட வேண்டும். அதையும் தள்ளிப்போட்டால் மூட்டு தேய்ந்து, சில ஆண்டுகளில் ஸ்பேனர் பிடிக்கவும் குடத்தைத் தூக்கவும் வலிக்கும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த எலும்பு கூடுவது இன்னும் தாமதமாகிறது. கட்டு அவிழ்க்கும்வரையாவது விட்டுவிடும்படி மருத்துவர்கள் வற்புறுத்துவது அதற்காகத்தான்.