பதினான்கு குழிகளின் சாட்சி

சிஎன்சி ரூட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் செதுக்குவது வீட்டுப் பெயர்ப்பலகையைத்தான். அழகாகவே வரும். ஆனால் எழுத்து ஒன்று அரை மில்லிமீட்டர் தள்ளிப்போயிருந்தாலும் யார் கண்ணிலும் படாது. இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பல்லாங்குழி. இரண்டு வரிசை, வரிசைக்கு 7, ஆக 14 குழி. எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஒரே வேலையை இயந்திரத்திடம் 14 தடவை கொடுக்கிறோம். ஒரு குழியில் பிசகினால் பக்கத்துக் குழி காட்டிக்கொடுத்துவிடும்.

தச்சர் கையில் பிடித்து ஓட்டும் ரூட்டரைப் பார்த்திருப்பீர்கள். நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்று சுழலும் மோட்டார். அதன் நுனியில் காலெட் கவ்விப் பிடித்த பிட். அதையே ஒரு பாலத்தில் பொருத்தி, இடவலம், முன்பின், மேல்கீழ் என்று 3 அச்சுகளில் மோட்டார் வைத்து நகர்த்தினால் அது சிஎன்சி ரூட்டர். பூஜையறைக் கதவுகளில் கொடியும் தாமரையும் செதுக்கும் பட்டறை இயந்திரத்துக்கும், மேஜைமேல் அடங்கும் சின்ன இயந்திரத்துக்கும் தத்துவம் ஒன்றுதான்.

வடிவத்தை எண்களாக எழுதி வெட்டும் இந்த யோசனை ஹெலிகாப்டரோடு வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவைக் கையால் வரைவதைவிட, அதன்மேல் உள்ள புள்ளிகளைக் கணக்கிட்டு எடுத்து, புள்ளி புள்ளியாக வெட்டினால் துல்லியம் கூடும் என்று கண்டார். அந்நாட்டு விமானப்படை பணம் கொடுக்க, எம்ஐடி ஆய்வகம் 1952இல் துளையிட்ட காகித நாடாவைப் படித்து உலோகத்தைக் கடையும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது. அது வீட்டு மேஜைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2009இல் நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் எழுதி இலவசமாக வெளியிட்ட ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள், உள்ளங்கை அளவு அர்டுயினோ பலகையைக் கொண்டே 3 அச்சுகளையும் ஓட்ட முடியும் என்று காட்டியது. இன்றைக்கும் சின்ன ரூட்டர்கள் பலவற்றின் உள்ளே ஓடுவது அதுவோ அதன் வாரிசோதான்.

இந்த இயந்திரத்தைப் பற்றி மனதில் இருத்த வேண்டிய முதல் விஷயம், அதற்குப் பார்வை கிடையாது என்பது. தான் எங்கே நிற்கிறோம் என்று அது பார்ப்பதில்லை. எத்தனை அடி வைத்தோம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். மோட்டாரை ஓட்டும் டிரைவர் என்ற மின்சுற்று ஒவ்வோர் அடியையும் 16 கூறாக்கும். மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் லீட் ஸ்க்ரூ 8 மி.மீ. தள்ளும் என்றால், 1 மி.மீ.க்கு 400 துடிப்பு. 70 மி.மீ. தள்ளியிருக்கும் அடுத்த குழிக்குப் போக 28,000 துடிப்பு. அத்தனையும் அனுப்பி முடித்ததும் ‘வந்து சேர்ந்துவிட்டேன்’ என்று இயந்திரம் நம்பும். நடுவில் பிட் ஒரு கணுவில் சிக்கி நின்றிருந்தாலும் அப்படித்தான் நம்பும். பழுது பார்ப்பது என்றால், எண்ணிக்கையும் நிஜமும் எந்த இடத்தில் பிரிந்தன என்று தேடுவதுதான்.

இனி குழியின் கணக்கு. வாய் 60 மி.மீ. அகலம், நடுவில் 18 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொண்டால், அது 34 மி.மீ. ஆரமுள்ள உருண்டையின் ஒரு சீவல். 30 மி.மீ. கனப் பலகை போதும். 7 குழிக்கு 490 மி.மீ., ஓரத்துக்குக் கொஞ்சம் சேர்த்தால் 520. மலிவாகக் கிடைக்கும் 3018 வகை இயந்திரத்தின் வெட்டும் பரப்பு ஏறத்தாழ 300க்கு 180 மி.மீ.தான் என்பதால், அதில் குழியைச் சிறிதாக்கியோ பலகையை நகர்த்தி வைத்தோ வெட்ட வேண்டியிருக்கும்.

முதல் சுற்றில் தட்டை முனைப் பிட்டால் படிப்படியாகத் தோண்டி, ஓரத்தில் அரை மி.மீ. மரத்தை மிச்சம் வைக்க வேண்டும். அடுத்ததாக 6 மி.மீ. உருண்டை முனைப் பிட்டால் வழித்தெடுக்க வேண்டும். இங்கே பொறுமைக்கு எண் கணக்கிலேயே கூலி உண்டு. பிட் ஓடும் தடங்களுக்கிடையே 1.5 மி.மீ. விட்டால், தடங்களுக்கு நடுவில் எழும் மேடு ஏறக்குறைய 0.09 மி.மீ.; விரலுக்குத் தட்டுப்படும். இடைவெளியை 0.6 ஆக்கினால் மேடு 0.015ஆகத் தணிந்துவிடும். இடைவெளி பாதியானால் மேடு கால்வாசியாகும். நேரம் கூடுகிறதே என்று இதில் பிடித்தம் செய்கிறவர்கள், மிச்சப்படுத்திய நேரத்தை உப்புத்தாளில் செலவழிப்பார்கள்.

வேகத்தைத் தீர்மானிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மெல்ல ஓட்டினால் நல்லது என்று தோன்றும். மரத்தில் அது உண்மையில்லை. பிட்டின் ஒவ்வொரு வெட்டுவாயும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீவலை எடுத்தாக வேண்டும். 2 வெட்டுவாய் உள்ள பிட் 16,000 சுற்றில் நிமிடத்துக்கு 1,600 மி.மீ. நகர்ந்தால், ஒரு சீவலின் கனம் 0.05 மி.மீ. நகர்வை மட்டும் பாதியாக்கினால் சீவலும் மெலியும். ஓர் அளவுக்குக் கீழே போனால் பிட் வெட்டாமல் தேய்க்கத் தொடங்கும். தேய்த்தால் சூடு, சூட்டினால் கருகல், கூடவே மழுங்கிய பிட். நல்ல சீவல்தான் சூட்டை வெளியே எடுத்துப் போகிறது. மாவாகக் கொட்டினால் நகர்வைக் கூட்டுங்கள், அல்லது சுற்றைக் குறையுங்கள். குழியின் அடியில் மட்டும் லேசாகக் கருத்திருந்தால் பதற வேண்டாம். உருண்டை முனையின் நட்ட நடுப்புள்ளி எத்தனை வேகத்தில் சுழன்றாலும் இடத்தைவிட்டு நகர்வதில்லை. அதன் வெட்டு வேகம் பூஜ்யம். அடியில் வேலை செய்வது அந்த முனைதான்.

14 குழியும் முடிந்த பின் பலகையைத் துடைத்து வெளிச்சத்தில் வைத்து வெர்னியர் காலிப்பரை எடுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

நாலு குழி ஒழுங்காக வந்து, ஐந்தாவதிலிருந்து எல்லாமே ஒரே அளவு பக்கவாட்டில் தள்ளியிருந்தால், ஐந்தாவது குழியில் மோட்டார் அடி தவறியிருக்கிறது. ஆழமாகக் கடித்திருக்கலாம், மேஜையில் கிடந்த கிளாம்பில் இடித்திருக்கலாம். தள்ளிய தூரத்தை அளந்தால் இன்னொரு தடயமும் கிடைக்கும். ஸ்டெப்பர் மோட்டார் நழுவும்போது ஓர் அடி, இரண்டு அடி என்று நழுவாது. உள்ளிருக்கும் காந்தப் பற்களின் அமைப்பினால் நாலு நாலு அடியாகத்தான் நழுவும். நம் ஸ்க்ரூவில் நாலு அடி என்பது 0.16 மி.மீ. விலகல் அதன் மடங்காக வந்தால் சந்தேகம் மோட்டார் மேல். அப்படி வராமல் கண்டபடி இருந்தால் மோட்டாரை விட்டுவிட்டு, அதன் தண்டைப் பிடித்திருக்கும் கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூவை அலன் கீ போட்டு முறுக்கிப் பாருங்கள். பலகையே கிளாம்புக்கடியில் நகர்ந்திருக்கவும் கூடும்.

விலகல் திடீரென்று வராமல் குழிக்குக் குழி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தால் அது வேறு நோய். ஒவ்வோர் இடைவெளியும் 70க்குப் பதில் 70.35 என்று வந்து, ஏழாவது குழி 2.1 மி.மீ. தள்ளி நிற்கிறது என்றால், 1 மி.மீ.க்கு எத்தனை துடிப்பு என்ற அமைப்பு எண் அரை சதவீதம் தவறு. எண்ணைத் திருத்தினால் தீர்ந்தது. பெல்ட்டில் ஓடும் இயந்திரங்களில் பெல்ட்டின் இறுக்கத்தை மாற்றினாலும் இந்த எண்ணை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

குழி வட்டமாக இல்லாமல், திசை திரும்பும் இடங்களில் மட்டும் தட்டையாக இருந்தால், ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே ஆட்டம் இருக்கிறது. மோட்டார் திரும்பிவிடும், அந்த ஆட்டத்தைக் கடக்கும்வரை பிட் திரும்பாது.

ஆழத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. நாம் எடுத்திருக்கும் அளவில் ஆழம் 1 மி.மீ. கூடினால் வாய் விட்டமும் ஏறக்குறைய 1 மி.மீ. கூடும். ஆகவே வாயை அளந்தாலே போதும். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை குழிகள் சீராகப் பெருத்துக்கொண்டே போகின்றனவா? எந்தக் குழி முதலில் வெட்டப்பட்டது என்று பாருங்கள். வரிசையைத் திருப்பி வெட்டிய பிறகும் அதே கோடி பெருத்தால் பலகை சாய்ந்து கிடக்கிறது. அடியில் போட்டிருக்கும் எம்.டி.எஃப். பலகையை அந்த இயந்திரத்தாலேயே ஒருமுறை சீவி மட்டப்படுத்த வேண்டும். வெட்டிய வரிசைப்படி பெருத்தால் பிட் காலெட்டிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. சீவலை மேலே தள்ளும் திருகுப் பிட்டுக்குத் தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. காலெட்டில் படிந்த தூசியைத் துடைத்தாலே பாதி குணமாகும்.

எல்லாக் குழியிலும் ஒரே பக்கத்தில் மட்டும் பிசிறு நிற்கிறதா? இயந்திரத்தின்மேல் குற்றமில்லை. பிட் வட்டமாகச் சுற்றும்போது மரத்தின் நாரோட்டத்தைச் சில இடங்களில் அணைந்து போகும், சில இடங்களில் எதிர்த்துப் போகும். எதிர்த்துப் போகும் இடத்தில் நார் வெட்டுப்படாமல் பெயர்கிறது. கூரான பிட், மெல்லிய கடைசிச் சீவல், வெட்டும் திசையை மாற்றுதல் ஆகிய மூன்றும் உதவும். தேக்கு இந்த வேலைக்கு இணக்கமான மரம். ஆனால் அதில் சிலிக்கா கலந்திருப்பதால் பிட்டை விரைவில் மழுக்கும். நேற்றுவரை சுத்தமாக வெட்டிய பிட் இன்று பிசிறு விட்டால் காரணம் அதுவாக இருக்கலாம்.

வெட்டு பாதியில் நின்று கணினி தொடர்பு அறுந்துபோவது தனிக் கதை. மடிக்கணினி தூங்கப் போயிருக்கலாம். தூசி உறிஞ்சும் குழாயில் மரத்தூள் உரசி உண்டாகும் நிலைமின்சாரம் யுஎஸ்பி கம்பியைக் குழப்பியிருக்கலாம். இயந்திரத்தின் உடலுக்கு எர்த் கொடுப்பதும், யுஎஸ்பி கம்பியை, பிட்டைச் சுழற்றும் மோட்டாரின் கம்பியிலிருந்து விலக்கிப் போடுவதும் பெரும்பாலும் கைகொடுக்கும். உறிஞ்சியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. முகக்கவசமும் காதடைப்பும் கட்டாயம், கையுறை கூடாது. இயந்திரத்தைத் தனியே ஓடவிட்டு வெளியே போகவும் கூடாது. நின்ற இடத்திலேயே தேய்க்கும் பிட்டிலிருந்து நெருப்புப் பற்றும்.

இத்தனையும் சரிபார்த்து முடித்த பலகையிலும் மாதங்கள் கழித்து ஒரு கோணல் தென்படலாம். வட்டமாக இருந்த குழி நூலளவு நீள்வட்டமாகியிருக்கும், பலகை லேசாக வளைந்திருக்கும். ஈரம் ஏறி இறங்கும்போது மரம் நாரின் குறுக்கே சுருங்கி விரியும்; நீளவாக்கில் ஏறத்தாழ அசையாது. அதோடு ஒரு முகத்தில் மட்டும் 14 குழி தோண்டியதால், அந்த முகம் அடிமுகத்தைவிட வேகமாக உலர்கிறது. ஆகவே பலகை வாங்கியதும் அது புழங்கப்போகும் வீட்டிலேயே சில வாரம் நிழலில் கிடக்கவிட்டு, அதன்பின் வெட்டுங்கள். எண்ணெய் பூசும்போது குழிகளுக்குள் பூசும் அதே கையோடு பலகையின் அடியிலும் பூசிவிடுங்கள்.