பெஞ்சில் படுத்திருப்பவர் யார்?



சம்பளம் வாங்கிய மறுநாள் சாமான் வாங்கப் பட்டணத்துக்குப் போகிறோம். பேருந்தைவிட்டு இறங்கி, கடைத்தெருவின் அஞ்சடி வழியாக நடக்கிறோம். அங்கே, மூடிக் கிடக்கும் ஒரு கடையின் வாசலில் அட்டையை விரித்து, தலையோடு கால் போர்த்திக்கொண்டு ஒருவர் படுத்திருக்கிறார். நாம் என்ன செய்கிறோம்? கையில் பிடித்திருக்கும் பிள்ளையைச் சற்று மறுபக்கம் இழுத்துக்கொள்கிறோம். நடையை வேகமாக்குகிறோம். "அம்மா, அது யாரு?" என்று பிள்ளை கேட்கிறது. "பார்க்காதே, வா" என்கிறோம்.

அந்தப் "பார்க்காதே" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன். அந்தச் சொல்லுக்கு ஒரு சிற்பி வெண்கலத்தில் பதில் சொல்லியிருக்கிறார்.

அவர் பெயர் திமோத்தி ஷ்மால்ஸ். கனடா நாட்டுக்காரர். கிறிஸ்துவ சமயச் சிற்பங்கள் செய்பவர். ஒரு குளிர்காலத்தில் டொரோண்டோ நகரில், போர்வையால் முழுவதும் மூடிக்கொண்டு வெட்டவெளியில் படுத்திருந்த ஒரு மனிதரைக் கண்டார். போர்வைக்குள் இருந்தவரின் முகம் தெரியவில்லை. ஆணா, பெண்ணா, இளைஞரா, முதியவரா என்பதும் தெரியவில்லை. அந்தக் காட்சி சிற்பியின் மனத்தைவிட்டு அகலவில்லை. பசித்தவனுக்கும் அந்நியனுக்கும் செய்யும் உதவி தமக்கே செய்ததாகும் என்று இயேசுநாதர் சொன்னதாக மத்தேயு எழுதிய நற்செய்தி கூறுகிறது. அந்தக் கருத்தைச் சிற்பமாக வடிக்க அவர் முனைந்தார்.

அந்தச் சிற்பத்தை உங்கள் மனக்கண் முன் கொண்டுவர முயல்கிறேன். பூங்காவில் போடுவதைப் போன்ற ஒரு நீளமான பெஞ்சு. அதன்மேல் ஒரு மனிதர் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். பெஞ்சும் மனிதரும் எல்லாம் வெண்கலமே. போர்வை தலையையும் முகத்தையும் கைகளையும் மறைத்திருக்கிறது. வெளியே தெரிவன பாதங்கள் மட்டுமே. அருகில் போய்ப் பார்த்தால் அந்தப் பாதங்களில் ஆணி அறைந்த காயம் தெரியும். அப்போதுதான், இவர் சிலுவையில் அறையப்பட்ட இயேசுநாதர் என்பது விளங்கும். தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு அவர் வீடற்ற ஓர் ஏழை. நெருங்கி வருபவனுக்கு மட்டுமே அவர் யார் என்பது தெரியும். இந்தச் சிற்பத்தின் உட்பொருள் முழுவதும் அந்த நான்கடித் தூரத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். படுத்திருப்பவரின் கால்மாட்டில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குச் சிற்பி இடம் விட்டிருக்கிறார். நின்று கும்பிட்டுவிட்டுப் போவதற்காக மட்டும் அவர் இதைச் செய்யவில்லை. வந்து பக்கத்தில் உட்கார் என்று அந்த வெற்றிடம் நம்மை அழைக்கிறது. உலகின் பல நகரங்களில், யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்காகவே பொது இருக்கைகளின் நடுவில் இரும்புத் தடுப்புப் போடுகிறார்கள். இந்தப் பெஞ்சோ படுக்கவும் இடம் தருகிறது, பக்கத்தில் உட்காரவும் இடம் தருகிறது.

இத்தகைய சிலையை எப்படிச் செய்கிறார்கள் என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. முதலில் உருவத்தைக் களிமண்ணில் செய்து, அதற்கு அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சிலிருந்து மெழுகு உருவம் ஒன்றை வார்க்கிறார்கள். மெழுகின்மேல் சூடு தாங்கும் பூச்சைக் கனமாகப் பூசிக் காய்ச்சும்போது, உள்ளே இருக்கும் மெழுகு உருகி வழிந்துவிடும். மெழுகு இருந்த இடம் வெற்றிடமாகும். அந்த வெற்றிடத்தில், 1000 டிகிரி செல்சியசுக்கும் மேலான சூட்டில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு பூச்சை உடைத்தால் சிலை வெளிப்படும்.

இது நமக்குப் புதிய தொழில் அன்று. தஞ்சை வட்டாரத்துச் சுவாமிமலையில் உற்சவமூர்த்திகளை வார்க்கும் ஸ்தபதிகளும் மெழுகைக் கொண்டுதான் செய்கிறார்கள். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். ஆனால் அங்கே ஒரு மெழுகு உருவத்துக்கு ஒரு சிலைதான். முதலில் எடுத்த அச்சைப் பாதுகாத்து வைத்துக்கொண்டால், அதிலிருந்து மீண்டும் மீண்டும் மெழுகு உருவங்களை எடுக்கலாம். அதனால்தான் இந்தப் பெஞ்சுச் சிலையின் பிரதிகள் உலகின் பல நகரங்களில் இருக்கின்றன.

ஆனால் தொடக்கத்தில் இதை ஏற்க ஆள் இல்லை. டொரோண்டோவில் ஒரு பேராலயமும் நியூயார்க்கில் ஒரு பேராலயமும் இதை வாங்கி வைக்கவில்லை. கடைசியில் 2013ஆம் ஆண்டில், டொரோண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீஜிஸ் கல்லூரி தன் வாசலில் இதற்கு இடம் கொடுத்தது. வீடில்லாதவனைச் சித்திரித்த சிலைக்கே இடம் கிடைக்கவில்லை என்றால், வீடில்லாத மனிதனின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா!

அடுத்த ஆண்டு, 2014இல், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டேவிட்சன் என்ற ஊரில், ஒரு தேவாலயத்தின் முன் இந்தச் சிலையின் பிரதியை வைத்தார்கள். வசதி படைத்தவர்கள் வாழும் ஊர் அது. காரில் சென்ற ஒரு பெண்மணி அதைக் கண்டு, உண்மையிலேயே யாரோ படுத்திருப்பதாக எண்ணிக் காவல் துறைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். 2020ஆம் ஆண்டில் ஒஹாயோ மாநிலத்தின் பே வில்லேஜ் என்ற ஊரிலும் இதுவே நடந்தது. அங்கே சிலையை வைத்து இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது.

நேயர்களே, அந்தப் பெண்மணியை எண்ணி நாம் சிரிக்க வேண்டாம். "பார்க்காதே, வா" என்று பிள்ளையை இழுத்துப் போன நாமும் அவரும் ஒரே படகில்தான் இருக்கிறோம். நம் மனத்தில் இருப்பதைத்தான் அந்தச் சிலை நமக்கே காட்டிக்கொடுக்கிறது. அதே டேவிட்சனில், பின்னர் மக்கள் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, வெண்கலப் பாதங்களின்மேல் கையை வைத்துப் பிரார்த்தனை செய்யத் தொடங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

"சிலைக்குச் செலவழிக்கும் பணத்தில் நாலு பேருக்குச் சோறு போடலாமே!" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். டேவிட்சன் சிலைக்கு 22,000 அமெரிக்க டாலர் ஆயிற்று. சிலை யாருக்கும் சோறு போடாது, கூரையும் ஆகாது. ஆனால் கண்ணில் படாதவனுக்கு யார் சோறு போடுவார்கள்? முதலில் அவன் கண்ணில் பட வேண்டும். சிலையால் செய்யக்கூடியது அந்த முதல் வேலையைத்தான். அடுத்த வேலை நம்முடையது. வத்திக்கானில் இதை எங்கே வைத்தார்கள் தெரியுமா? 2013ஆம் ஆண்டில் இதன் சிறிய மாதிரியை அன்றைய போப்பாண்டவர் பிரான்சிஸ் கண்டு ஆசீர்வதித்தார். 2016ஆம் ஆண்டில் முழு அளவுச் சிலையை, ஏழைகளுக்கு உதவி வழங்கும் அலுவலகத்தின் அருகிலேயே வைத்தார்கள். பார்வையும் உதவியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

இக்கருத்து ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. கோயிலில் உள்ள இறைவனுக்குப் படைப்பது, நடக்கும் கோயில்களாகிய மனிதர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. மனிதர்களுக்குக் கொடுப்பதோ இறைவனுக்கே போய்ச் சேர்கிறது என்று நம் திருமூலர் பாடி வைத்தார். அவர் பாட்டில் சொன்னதும் இந்தச் சிற்பி வெண்கலத்தில் சொன்னதும் ஒன்றுக்கொன்று தூரமில்லை.

வீடற்றவர்கள் எல்லாரும் சோம்பேறிகள், குடிகாரர்கள் என்று சொல்வது எளிது. ஆனால் தோட்டத்து மக்களாகிய நமக்கு உண்மை தெரியும். தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு வந்தது. வேலை போனால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்திலும், பின்னர் ரப்பர் மரங்களை அழித்துத் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புத் திட்டங்களும் எழுந்த காலத்திலும், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்தைவிட்டுச் சட்டி பானையோடு வெளியேறிய குடும்பங்கள் எத்தனை! அவர்கள் சோம்பேறிகளா? விடியுமுன் பிரட்டுக்குப் போய் நின்றவர்கள் அல்லவா? ஒரு நோய், ஒரு விபத்து, கட்ட முடியாத ஒரு மாத வாடகை, குடும்பத்தில் ஒரு பிளவு, கவனிக்கப்படாத ஒரு மனநோய். இவற்றில் ஒன்று போதும், மனிதன் அஞ்சடிக்கு வந்துவிட.

அடுத்த முறை பட்டணத்துக்குப் போகும்போது அப்படி ஒருவரைக் கண்டால், பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். தூங்குபவரை எழுப்ப வேண்டாம். விழித்திருந்தால், "ஐயா, சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வயதான அம்மையாராக இருந்தால், "பாட்டி" என்று கூப்பிடுங்கள். கையில் இருந்தால் ஒரு பொட்டலம் சோறு வாங்கிக் கொடுங்கள். ஆள் நோயாகத் தெரிந்தால் மருத்துவமனைக்கோ சமூகநல இலாகாவுக்கோ தகவல் சொல்லுங்கள். பிள்ளை "அது யாரு?" என்று கேட்டால், "நம்மைப் போல ஒருத்தர், அவருக்கு வீடு இல்லை" என்று உண்மையைச் சொல்லுங்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் இன்னொன்றும் செய்யலாம். ஆற்றோரத்துக் களிமண்ணில் பிள்ளைகள் மாடும் வண்டியும் செய்து விளையாடுகிறார்கள் அல்லவா? ஒரு நாள், தாங்கள் பட்டணத்தில் பார்த்த அந்த மனிதரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். முகம் சரியாக வர வேண்டியதில்லை. ஒரு பெஞ்சு, ஒரு போர்வை, இரண்டு பாதங்கள் போதும். ஆனால் அவர் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டுச் செய்யச் சொல்லுங்கள். அந்த இடத்தில் யார் உட்காருவார் என்று பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள்.